ரீச்சரிட்ட வந்து காட்டுங்கோ

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு.

அன்புள்ள மகள் லவினாவுக்கு,

உன் அப்பா நோபேட் எழுதுகிறேன். அங்கே நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையைப் பிடித்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அதில் பாதியைத்தான் என்னால் எழுத முடியும், எனக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், வேறு குறையில்லை. மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ஒரு போன் கோல் எடுத்தால் முடிந்ததே என்று நினைப்பாய். கோல் எடுத்து எப்படிக் கதைக்கிறது பிள்ளை? வீடு இருக்கிற அளவு உனக்குத் தெரியும், ஹோலில் இருந்து குசுகுசுத்தாலும் குசினிக்குக் கேட்கும். அம்மாவுக்குப் போனது குரல், காது இல்லை. அந்தக் காது முன்னையைவிடக் கூர்மையாகிவிட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. அதனால் சித்தப்பாவின் மகன் றெஜி வியாழக்கிழமை மெல்பேணுக்கு ஏறும்போது அவன் கையில் கொடுத்து விடுகிறேன். மிளகாய்த்தூளும் கொஞ்சம் அனுப்புகிறேன். கருவாடு இல்லை, போனமுறை உங்கள் ஏர்போட்காரன் அதைக் குப்பையில் போட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஒப்பரேஷனுக்கு வரமுடியாமல் போனதை நினைத்து நீ இன்னும் அழுகிறாய் என்று மருமகன் சொன்னார். அதை விடு. வேலையும் விசாவும் நம்முடைய கையிலா இருக்கிறது? அங்கிருந்தபடி நீ செய்ததும் சின்னக் காரியம் இல்லை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நீ போனில் பார்த்தது பாதி, மீதியையும் சேர்த்துச் சொன்னால்தான் கடைசியில் நான் கேட்கப்போவது உனக்கு விளங்கும். களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களை இருத்தி வைத்து, புற்று குரல்வளையோடு ஒட்டிவிட்டது, உயிர் வேண்டுமென்றால் குரலை விடத்தான் வேண்டும் என்று சொன்னாரே, அதற்கு உன் அம்மா என்ன கேட்டாள் தெரியுமா? எப்ப வெட்டுவீங்கள் டொக்டர், புதுப் பிள்ளைகள் இப்பதான் அழுறதை நிப்பாட்டி இருக்குதுகள் என்று கேட்டாள். முதலாம் ஆண்டு வகுப்பை அவளுடைய சொந்தச் சொத்து என்று நினைத்தே காலத்தை ஓட்டினவள். டொக்டரும் பாவம், அவருக்கு விளங்கவில்லை, எந்தப் பிள்ளைகள் அம்மா, உங்களுக்கு எத்தனை பேர் என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது, பிறகு அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். பெற்றோலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த வருஷம் நீ அவளுக்குப் படிப்பித்தாயே, கொம்பியூட்டரில் படத்தை இழுத்து வைத்து, எழுத்தை இழுத்து வைத்து, பிள்ளை தொட்டால் பதில் சொல்கிறமாதிரிப் பாடம் செய்வது, அதை அவள் மறக்கவில்லை. பங்குக் கோயிலில் இருந்து கொடுத்த டெப், அதுதான் அந்தத் தொடுதிரைப் பலகைகள், வகுப்பில் சும்மா தூசி பிடித்துக் கிடந்தன. குரல் இருக்கிறபோதே அதைப் பாடங்களுக்குள் போட்டு வைத்துவிடுவேன், பிறகு நான் வகுப்பில் நின்றால் போதும், குரல் டெப்பில் இருந்து வரட்டும் என்றாள். வேலையை விடமாட்டேன் என்பதுதான் அதன் அர்த்தம். வேண்டாம் என்று நான் சொன்னாலும் யார் கேட்கிறது? அன்றைக்கே உனக்குக் கோல் எடுத்தாள், நீயும் பாடங்களை ஏற்றி வைக்க இன்ரநெற்றில் உன் பெயரில் கணக்குத் திறந்தாய்.

அந்த ரெக்கோடிங் பட்ட பாடு இருக்கிறதே, அதை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு நிமிஷம் சத்தம் இல்லாமல் இருக்குமா? கோயில் மணி, அது நின்றால் அந்தப் பக்கக் கோயில் ஸ்பீக்கர், அதுவும் நின்றால் துறைமுகத்துக் கப்பல் ஊதும். கடைசியில் உன் பழைய அலுமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, சாறிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மாவை அதற்குள் இருத்தினேன். காலையில் பிளேன்ரீ குடித்த கையோடு குரல் கொஞ்சம் தெளிவாக வரும், அதற்குப் பிறகு கரகரத்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்கிற ஓட்டோக்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவான். நான் சாரத்தோடு றோட்டுக்கு ஓடி, மல்லி, பொட்டக் இன்ன என்று சிங்களத்தில் கெஞ்சி, ஆத்திரப்படாமல் கொஞ்சம் நில்லப்பா என்று அவன் ஸ்பீக்கரைக் கையால் பொத்தினேன். விஷயத்தைக் கேட்ட பிறகு அவன் எங்கள் ஒழுங்கைக்குள் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வந்தான். பாண் வாங்க மறந்துபோன சனம் என்னைத் திட்டிற்று, மேல் வீட்டு மயிலம்மா உட்பட.

அம்மா கடுதாசியில் எழுதிக்கொண்டு போய் வாசிக்கிறவள் இல்லை. அலுமாரிக்குள் இருந்தபடி பிள்ளைகள் முன்னால் இருக்கிறதாக நினைத்துத்தான் கதைப்பாள். கடைக்குப் போகிற பாடம் ஒன்று, மூன்று வெங்காயத்தையும் ஒரு பாணையும் கூடைக்குள் போடுங்கோ பார்ப்பம் என்பாள், பிள்ளை விரலால் இழுத்துப் போடவேண்டும். அதற்கு வெங்காயமும் பாணும் படம் பிடிக்க நான்தான் சந்தைக்குப் போனேன். பஸ்ஸில் ஆட்களை ஏற்றுகிற பாடம், முதலாவது யார், கடைசி யார் என்று. ஆட்டுக்கு ஆவன்னாவைத் தேடிப் பொருத்துகிற பாடம். பிள்ளை பிழை விட்டால் கர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அதை வைக்கவே கூடாது என்றாள். பிழை என்ற சொல்லையே அவள் சொல்லவில்லை, திரும்ப ஒருக்காப் பார்ப்பமா என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லி வைத்தாள். இதெல்லாம் சரி. ஒன்றில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒவ்வொரு பாடமும் முடிய, கெட்டிக்காரப் பிள்ளை, இப்ப ரீச்சரிட்ட வந்து காட்டுங்கோ என்று ஒரு வசனம். எதற்கு இது, பிள்ளை எத்தனை சரி எத்தனை பிழை என்று அந்த மெஷினே கணக்கு வைக்கிறதே, உள்ள குரலையும் ஏன் வீணாக்குகிறாய் என்று கேட்டேன். மார்க்ஸ் மெஷினுக்குத் தெரிஞ்சாப் போதுமா, பிள்ளையின்ர முகத்தை நான் பார்க்க வேண்டாமா என்று பாய்ந்தாள். ஒரு தரம் சொல்லி அதையே எல்லாப் பாடத்துக்கும் ஒட்டுவோம் என்றேன், அதற்கும் சம்மதிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சொன்னாள். கடைசிப் பாடங்களில் அந்த வசனம் காற்றாகத்தான் வருகிறது, நீயே கேட்டிருப்பாய்.

ரெக்கோட் பண்ணினதை வெட்டித் துப்புரவாக்கினது நான். ஒருகொடவத்தை யாட்டில் எத்தனை வருஷம் கொண்டெய்னர் பேப்பர் பார்த்தவன், ஒரு எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் குத்தும். இருமலை வெட்டினேன், மூச்சு வாங்கினதை வெட்டினேன், நடுவில் நோபேட் அந்த ஃபேனை நிப்பாட்டுங்கோ என்று கத்தினதை வெட்டினேன், உங்களுக்கு மண்டைக்குள்ள களிமண்ணா என்று கேட்டதை வெட்டினேன், சிரித்ததையும் வெட்டினேன். சுத்தமாக வந்ததை உனக்கு அனுப்ப, நீ அங்கிருந்து ஏற்றினாய். வெட்டினதெல்லாம் கொம்பியூட்டரை நிரப்புகிறது என்று அழித்துப்போட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெப்ரவரியில், தொண்டை நோய்க்குக் காவலரான புனித பிளாசியாரின் திருநாள் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குத் தன் வகுப்பில் இருக்கிற வேதக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், தொண்டைக்கு இரண்டு மெழுகுதிரியைக் குறுக்காகப் பிடித்து ஆசீர்வாதம் வாங்கிக் கொடுப்பாளே, இந்த முறையும் போனாள். சுவாமி அவளுடைய கழுத்தில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூடுதலாகச் செபித்தார். பிறகு ஒப்பரேஷனுக்குப் போனோம், உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. உயிரைத் தந்ததற்கு நன்றி சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தோனியாரிடம் செவ்வாய் தவறாமல் போய்ச் சொல்கிறேன். பிளாசியாருக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

மே மாதம் அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் இருக்கிற துளையால்தான் மூச்சு, அதை மறைக்கத் தன் சாறிகளின் நிறத்துக்கு ஏற்றமாதிரிச் சின்னச் சின்னத் துணி தைத்து வைத்திருக்கிறாள், நீ வீடியோவில் பார்த்தாய்தானே. ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கின மெஷினையும் கொண்டு போனாள், தொண்டையில் வைத்துக் கதைக்கிறது. அதை வைத்துக் காலை வணக்கம் சொல்ல, தகரத்துக்குள் இருந்து வருகிறமாதிரி ஒரு சத்தம் வந்ததும் பாதிப் பிள்ளைகள் கதவுப் பக்கம் ஓடிவிட்டன. மெஷினைக் கைப்பையில் வைத்தாள், பிறகு அதை அவள் எடுக்கவே இல்லை. டெப்பைக் கொடுத்தாள். அதற்குள் இருந்து அவளுடைய பழைய குரல் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. ஸீனத் என்று ஒரு சின்னப் பெட்டை, முன் பல் இரண்டும் இல்லை, டெப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, டீச்சர் ஏன் உள்ளுக்கு மட்டும் பேசுறாங்க, வெளிய பேசுறாங்க இல்ல என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாடம் முடிந்தது, அந்த வசனம் வந்தது, ரீச்சரிட்ட வந்து காட்டுங்கோ என்று. ஸீனத் எழும்பினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு டெப்பைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா டெப்பைப் பார்க்கவே இல்லை, அவளுடைய முகத்தைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், சிவப்புப் பேனையால் அவளுடைய மணிக்கட்டில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டாள். அதைக் கண்டதும் மற்றதுகளும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டன, தள்ளுப்பட்டுக்கொண்டு, ரீச்சர் எனக்கு, ரீச்சர் எனக்கு என்று. சண்டை பிடித்தேனே அந்த வசனத்துக்காக, அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தவணையில் பல கிழமை அப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்தாலும் அவளுடைய விரலில் சிவப்பு மை இருக்கும். உனக்கு அந்த நாட்களில் நல்ல செய்தியாகத்தான் அனுப்பினேன், அது பொய்யில்லை.

பிறகுதான் கதை மாறியது. யாரோ ஒரு தாய் போய், அந்த ஓட்டையைப் பார்த்துப்போட்டு என்ட பிள்ளை பயந்து சாப்பிடுறான் இல்லை என்று பிரின்சிப்பலிடம் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தர், கழுத்தால சளி வருது, தொற்று நோயோ என்று கேட்டிருக்கிறார். படித்த ஆட்கள்தான் எல்லாரும். பிரின்சிப்பல் மிஸிஸ் நாகமணி எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி என்று சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்து தந்தவர். ஆனால் அம்மாவோடு கதைக்கும்போது செவிடரோடு கதைக்கிறமாதிரிச் சத்தம் போட்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, மேபல்… ரீச்சர்… சுகமா… என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மற்ற எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார், பக்கத்தில் அவள் இருக்கவே இல்லை என்பதுபோல. கல்வி அலுவலகத்தில் இருந்து வந்தவர்கள் டெப்பில் இருக்கிற அக்டிவிட்டி எல்லாவற்றையும் பார்த்து மெய்மறந்து போனார்களாம். இப்படி ஒரு சாமானை வேறு பள்ளிக்கூடங்களுக்கும் காட்டவேண்டுமாம். எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறபடியால் அம்மாவுக்கு உதவிக்கு நின்ற நிம்றா மிஸ் தனியாகச் சமாளிப்பாவாம். மேபல் ரீச்சர் இனிக் கஷ்டப்படத் தேவையில்லை, வீட்டிலே ஆறுதலாக இருக்கலாம், அவருடைய குரல்தான் எப்போதும் எங்களோடு இருக்கப்போகிறதே என்றார். விளங்குகிறதா மகள்? வகுப்பை விடாமல் இருக்கத்தான் அவள் அலுமாரிக்குள் இருந்து தொண்டை கிழியக் கதைத்தாள். அது நன்றாக வந்துவிட்டபடியால் அவள் தேவையில்லை.

நான் மேசையில் அடித்துப்போட்டேன். உனக்கு என் கோபம் தெரியும். குரல் மட்டும் வேணும், ஆள் வேண்டாமோ என்று கேட்டேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பிரின்சிப்பலுக்கு முன்னால் இருந்த வெள்ளைக் கடுதாசியை எடுத்து, இந்தத் தவணை முடியும்வரை என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கு மட்டும் சம்மதித்தார்கள்.

பிரியாவிடை வைத்தார்கள். அதைப் பற்றி உனக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, படமும் அனுப்பவில்லை. மேடையில் இருத்தி, மல்லிகையும் ரோஜாவும் நெருக்கிக் கட்டின பெரிய மாலையைப் போட்டார்கள். பூ நேரே துளையின்மேல் கிடக்கிறது, அவளுக்கு மூச்சு முட்டுகிறது, முகம் கறுத்துக்கொண்டு போகிறது, சனமெல்லாம் அவள் உணர்ச்சிவசப்பட்டு அழப்போகிறாள் என்று கை தட்டுகிறார்கள். நான் மேடையில் பாய்ந்து ஏறி மாலையை இழுத்து எறிந்தேன். பெரிய மரியாதைக்கேடாம், பிறகு பலபேர் கதைத்தார்களாம். கதைக்கட்டும். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் தாங்கமுடியாதது. ரீச்சரைக் கௌரவிக்கிறோம் என்று ஸ்பீக்கரில் அவளுடைய குரலைப் போட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று மண்டபம் முழுக்க அவளுடைய குரல். இவள் மேடையில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். கையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்கள், அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். பிள்ளைகள் ஸ்பீக்கரைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். காலையில் எழும்பிக் குளித்துச் சாறி உடுத்து, அதற்கேற்ற கழுத்துத் துணியும் கட்டிக்கொண்டு, ஹோலில் கதிரையில் வந்து இருக்கிறாள். எங்கே போகப்போகிறாய் என்று நான் கேட்பதில்லை. பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும், உனக்குத் தெரியும். சாப்பாடு ஒரு கோப்பை கஞ்சி, அதிலும் பாதி. கிளினிக்கில் நிறை குறைகிறது என்று சொல்கிறார்கள், புற்று திரும்பின அடையாளம் ஒன்றும் இல்லையாம், சாப்பிட்டால் சரியாம். சாப்பிடுகிறாளில்லையே. தொண்டைக்குள் ஒரு வால்வு வைத்தால் கொஞ்சம் கதைக்கலாம், பார்ப்போம் என்று டொக்டர் சொன்னதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள், யாரோடு கதைக்க என்று எழுதிக் காட்டினாள். பக்கத்தில் நான் இருக்கிறேன் பிள்ளை. அவளுக்கு அப்படி எழுத மனம் வந்திருக்கிறது. அதற்கு நான் கோபிக்கவும் இல்லை, குசினிக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை நிம்றா மிஸ் வந்திருந்தாள். நல்ல பிள்ளை, அவளுக்கும் இதில் சந்தோஷம் இல்லை, உனக்கும் தெரியட்டும். நான் பிளேன்ரீ ஊற்றப் போன நேரம் இரண்டுபேரும் ஏதோ பேசினார்கள், பேசினது நிம்றாதான், அம்மா கேட்டாள். நான் வந்து பார்க்கிறேன், நிம்றாவின் கண் சிவந்திருக்கிறது, தேத்தண்ணீரைக் குடிக்காமலே, நான் போறேன் அங்கிள் என்று எழும்பிப் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் அம்மா ஒன்றும் எழுதுகிறாளில்லை. அன்றில் இருந்துதான் அந்தக் கஞ்சியும் குறைந்தது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தக் கணக்கு உன் பெயரில் இருக்கிறது. நீ அங்கிருந்து மூடினால் இங்கே எல்லா டெப்பும் ஊமையாகும். மூடிவிடு. ஒருவரிடமும் கேட்காதே, முக்கியமாக அம்மாவிடம் கேட்காதே. டெப் ஊமையானால் அவர்களுக்கு ரீச்சரின் ஞாபகம் வரும், வீட்டு வாசலுக்கு வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்கிறேன். இது பழிவாங்கல் என்று நீ சொல்வாய். ஓம், பழிவாங்கல்தான். இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையும்தான். அந்தக் குரல் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இருக்கிறது, எனக்கு இல்லை. உள்ள ரெக்கோடிங் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஆடு இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, ஸீனத்தின் பெயர் இருக்கிறது, நோபேட் என்று ஒரு இடத்தில் இல்லை. இருந்ததை எல்லாம் நான்தான் துப்புரவாக்கி எறிந்தேன். அந்த ஃபேனை நிப்பாட்டுங்கோ என்று என்னைத் திட்டுகிற ஒரு துண்டாவது கிடைக்குமா என்று கொம்பியூட்டர் கடைக்காரனிடமும் கொண்டுபோய்க் காட்டினேன், போனது போனதுதான் அங்கிள் என்றான். உன் போனில் அம்மா அனுப்பின பழைய வொய்ஸ் மெசேஜ் இருந்தால் அழித்துவிடாதே. உன்னோடு கதைத்ததுதானே, என்னோடு இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்.

குளிருக்குக் கவனமாக இரு, உனக்குச் சின்னனில் இருந்தே நெஞ்சுச் சளி. தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் டொக்டரிடம் காட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று அம்மாவைப்போல் தள்ளிப்போடாதே. மருமகனுக்கு என் அன்பைச் சொல், இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். பூசையில் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். தேவமாதா உங்களைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்ததும், கிடைத்தது என்று மட்டும் போனில் சொல், வேறொன்றும் சொல்லாதே, பக்கத்தில் அம்மா நிற்பாள். நான் சொன்னதைச் செய்.

உன்மேல் உயிரான அப்பா,
நோபேட்.

மகள்,

அப்பா பாண் வாங்கப் போயிருக்கிறார். கடிதத்தை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் வைத்தால் நான் காணமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். குசினியில் நிற்கிறது யார் என்பதை மறந்துவிட்டார். வாசித்துவிட்டேன். அவரோடு எனக்குக் கோபம் இல்லை, நீயும் கோபிக்காதே. யாரோடு கதைக்க என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

கணக்கை மூடாதே. பிள்ளைகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், நடுவில் விட்டால் கெட்டுப்போவது அவர்கள்தான்.

ஆனால் ஒன்று செய்ய வேண்டும். நிம்றா வந்து சொன்னது இதுதான். ஒவ்வொரு பாடமும் முடிய நான் ரீச்சரிட்ட வந்து காட்டுங்கோ என்று சொல்கிறேன். பிள்ளைகள் டெப்பைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறார்களாம். நிம்றா கையை நீட்டிக் கூப்பிட்டாலும் போகிறார்களில்லையாம், சொன்னது மேபல் ரீச்சர்தானே என்று வகுப்புக்குள் தேடுகிறார்களாம். மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் பார்த்துவிட்டு இருந்துவிடுவார்கள். ஸீனத் என் கதிரைக்கு முன்னால் போய் நிற்கிறாளாம். வெறும் கதிரைக்கு டெப்பைத் திருப்பிக் காட்டிவிட்டு, நட்சத்திரத்துக்காக மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாளாம். நிம்றா போட்டுவிடப் போனால் கையை இழுத்துக்கொள்கிறாளாம்.

நிம்றாவின் பெயரை நான் ஒரு இடத்திலும் சொல்லி வைக்கவில்லை. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. இனிப் புதிதாக ஒன்றைச் சேர்க்க ஏலாது, வெட்டத்தான் ஏலும். எல்லாப் பாடத்தின் கடைசியிலும் இருக்கிற அந்த வசனத்தை வெட்டிவிடு. கெட்டிக்காரப் பிள்ளை என்பதோடு நிற்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே செய்.

வெட்டினதை எறியாதே. அப்பாவுக்கு அனுப்பிவிடு.

அம்மா.